தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரா, வேகமான வேகனா: திருகோணமலை உள்வீதிகளுக்கு எது?

உப்புவெளி_இளையவன்:
இரண்டு வாகனத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒன்று டொயோட்டா 86, தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார். மற்றது சுபாரு லெவோர்க் வேகன், அதாவது சாமான் ஏற்றப் பின்பக்கம் கூரை நீண்ட குடும்பக் கார், 1.6 ஜிடி-எஸ். இரண்டும் கைமாறி வருபவை, விலையில் பெரிய வித்தியாசமில்லை. வேலை புல்மோட்டைப் பக்கம், அம்மாவின் ஊர் சம்பூர், கொழும்புக்கும் இடைக்கிடை போகவேண்டும். பெருவீதியைப் பற்றிக் கேட்கவில்லை, ஏ6 இல் எதை விட்டாலும் ஓடும். கேட்பது உள்வீதிகளைப் பற்றி: தம்பலகாமம் வயலுக்குள்ளால் போகிறவை, மூதூர் தாண்டிச் சம்பூருக்கு இறங்குகிற பக்கம், பன்குளத்துக்குப் பின்னால் கிறவலில் முடிகிறவை. காபெட் தார் போட்ட இடத்திலும் அலையலையாகக் கிடக்கும், நினைக்காத இடத்தில் வீதிக்குக் கீழால் தண்ணீர் போகிற மதகு வரும், ஒட்டுப்போட்ட குழிக்குப் பக்கத்திலேயே புதுக்குழி வரும். இப்படியான வீதியில் கொஞ்சம் விரட்டினாலும் பதறாமல் நிற்பது எது? கூட்டாளிமார் எல்லாரும் "ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தால் முதுகு போய்விடும், வேகனை எடு" என்கிறார்கள். எனக்கென்றால் 86இல்தான் ஆசை. ஆசையைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தோப்பூர்_டிஎக்ஸ்:
இரண்டும் வேண்டாம் தம்பி. நல்ல பழைய கொரொல்லா டிஎக்ஸ் வேகன் ஒன்று தேடி எடுங்கள். பின்னுக்குப் பட்டை ஸ்பிறிங், சின்னச் சில்லு, தடித்த ரயர். குழியைக் கண்டு பிரேக் அடிக்கிற பழக்கமே மறந்துபோகும். உடைந்தாலும் எந்த ஊர்க் கராஜிலும் சாமான் கிடைக்கும்.

உப்புவெளி_இளையவன்:
அண்ணை, டிஎக்ஸுக்கு இப்போது கேட்கிற விலையைப் பார்த்தீர்களா? அதோடு நான் கேட்டது வேகமான வேகன்.

கராஜ்_பாஸ்:
கார், வேகன் என்கிற பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். குழி முதலில் முட்டுவது ரயரில், ஆகவே ரயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ரயரில் எழுதியிருக்கிற இலக்கத்திலேயே அது இருக்கிறது. 86 பெரும்பாலும் 215/45 ஆர்17 ரயரோடு வரும்: 215இல் 45 சதவீதம், அதாவது 97 மில்லிமீற்றர். லெவோர்க் ஜிடி-எஸ் 225/45 ஆர்18: 101. ஆக நான்கு மில்லிமீற்றருக்காகத்தான் இவ்வளவு யோசனை. சாதாரணக் கொரொல்லா ஒன்றில் போடுகிற 195/65 ஆர்15 கிட்டத்தட்ட 127 வரும், அந்த வித்தியாசம்தான் வித்தியாசம். தரையிலிருந்து உயரமும் அப்படியே, இரண்டுமே 13 சென்ரிமீற்றர் சுற்றுவட்டாரம். வேகன் என்றால் உயரமாக நிற்கும் என்று நினைத்து வாங்கியவர்கள் என்ஜினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்ச் சம்ப் கீறிக்கொண்டு என்னிடம் வருவார்கள். கூரைதான் நீளம், வயிறு அதே இடத்தில்தான்.

அடுத்தது பாரம். லெவோர்க் ஒன்றரைத் தொன்னைத் தாண்டும், 86 1,250 கிலோவுக்குள் நிற்கும். பாரம் கூடினால் ஸ்பிறிங் தடிக்க வேண்டும், ஸ்பிறிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷொக்குக்கு வேலை கூடும், குழியில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் சில்லைப் பிடிக்கிற லோவர் ஆர்மின் றப்பர் புஷ்ஷுக்கு விழுகிற அடியும் கூடும். ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: உடல் பாரமாக இருந்தால் சில்லும் பிரேக்கும் துள்ளுகிற துள்ளல் அதை அசைக்காது, சின்னச் சின்னக் கல்லையெல்லாம் விழுங்கிக்கொண்டு போகும். பாரம் குறைந்த காரில் அதே கல் இருக்கை வரை வந்து சேரும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை, அதனால்தான் இந்தச் சண்டை தீராமல் கிடக்கிறது.

இன்னொன்று, இது எங்கள் ஊருக்கே உரிய தொல்லை. உப்புவெளியில் இருந்து எழுதுகிறீர்கள், ஆகவே சொல்லுகிறேன். உப்புக்காற்று ஷொக் தண்டின் குரோம் பூச்சை ஊசியால் குத்தின மாதிரி அரித்துவிடும். பிறகு தண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தப் புள்ளிகள் சீலைக் கீறும், எண்ணெய் கசியும், கடைசியில் ஷொக் இருந்தும் இல்லாத மாதிரிதான். எந்த வாகனத்தைப் பார்க்கப் போனாலும் தூசி உறையை மேலே தூக்கித் தண்டை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் சரி. சொரசொரத்தால் விலையில் நான்கு ஷொக்கின் காசைக் கழித்துப் பேசுங்கள்.

லண்டன்_திருமலையான்:
நான் மட்டிக்களியில் பிறந்தவன், இப்போது இங்கே ஒரு பழைய வோல்வோ வேகனில் சுற்றுகிறேன், ஆகவே பக்கச்சார்பு உண்டு, அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள். வேல்ஸ் மலைப்பக்கத்துச் சிறு வீதிகளில் ஓட்டிப் பார்த்தால் வேகமான வேகனின் அருமை தெரியும். மழை, வளைவு, நடுவில் முதுகு உயர்ந்த தார், ஓரம் இரண்டும் இடிந்து கிடக்கும். தாழ்ந்த கார்காரர்கள் ஒவ்வொரு மேட்டிலும் பிரேக்கைத் தொடுவார்கள், நான் தொடமாட்டேன்.

வேகனை வேகமாக்குகிற பைத்தியம் உச்சத்தில் இருந்த வருடம் என்றால் 1994ஐத்தான் சொல்வேன். வோல்வோ 850 வேகனை பிரித்தானிய டூரிங் கார் சம்பியன்ஷிப்புக்கே கொண்டுபோய் ஓடவிட்டார்கள், சனம் சிரித்தது, ஒரு பருவத்தோடு செடானுக்கு மாறிவிட்டார்கள், ஆனாலும் இன்றைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது அந்த வேகன்தான். அதே வருடம் அவுடி போர்ஷேயோடு சேர்ந்து ஆர்எஸ்2 அவாண்டைக் கொண்டுவந்தது, 2.2 லீற்றர், ஐந்து சிலிண்டர், டேர்போ, 315 குதிரைவலு. பிறகு ஜப்பானில் சுபாரு லெகசி ஜிடி-பி, பில்ஸ்டைன் கம்பனி ஷொக்கோடு. குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு மோசமான வீதியில் வேகமாகப் போவது என்ற ஒரே வேலைக்காகச் செய்த வாகனங்கள் இவை. ஸ்போர்ட்ஸ் கார் வழுவழுப்பான பந்தயத் திடலை மனதில் வைத்துச் செய்வது. லெவோர்க்கை எடுங்கள்.

கன்னியா_வெந்நீர்:
அண்ணை, வேல்ஸ் வேறு, வெருகல் வேறு. அங்கே விரட்டுகிற வேகத்தில் இங்கே விரட்ட முடியுமா? சட்டப்படி ஊருக்கு வெளியே 70, ஊருக்குள் 50. ஒன்றரைத் தொன் டேர்போ வேகனை 70இல் ஓட்டினால் அது தூங்கிக்கொண்டுதான் வரும், நீங்களும் தூங்குவீர்கள். பாரம் குறைந்த கார் 50இலேயே ஓட்டுகிற சந்தோசத்தைத் தரும். எங்கள் வீதிக்கு அதுதானே வேண்டும்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கல் மாதிரி இறுகியிருக்கும் என்பதும் பொய். 1989இல் வந்த முதல் மஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுங்கள், ஒரு தொன்னுக்கும் கீழே, 185/60 ஆர்14 ரயர், அதாவது 111 மில்லிமீற்றர் பக்கச்சுவர். மேலே பாஸ் சொன்ன கணக்கில் உங்கள் லெவோர்க்கை விட ஒரு சென்ரிமீற்றர் கூட! ஸ்பிறிங்கும் மென்மை, வளைவில் நன்றாகச் சாயும். பாரம் இல்லாவிட்டால் மென்மையான ஸ்பிறிங்கே போதும், அதைச் சரியான ஷொக் பிடித்துக்கொள்ளும். லோட்டஸ்காரர்கள் காலம் காலமாக இதைத்தான் செய்தார்கள். 2017இல் திரும்பி வந்த அல்பீன் ஏ110உம் அதே வழி, 1,100 கிலோ, நான்கு மூலையிலும் சில்லை மேலும் கீழும் இரண்டு கையால் பிடிக்கிற டபிள் விஷ்போன், ஸ்பிறிங் முழுதாக அமுங்குகிற கடைசிக் கட்டத்தில் அடியை வாங்க எண்ணெய் நிரப்பிய பம்ப் ஸ்டொப். வேகமான வேகன்காரர்கள் என்ன செய்தார்கள்? 2002 அவுடி ஆர்எஸ்6க்கு 450 குதிரைவலு கொடுத்துவிட்டு, அந்தப் பாரம் சாயாமல் இருக்க மூலைக்கு மூலை எதிரெதிர் ஷொக்குகளைக் குழாய் போட்டு இணைத்தார்கள். அது கசிகிறது என்று கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண ஷொக் போட்டவர்கள் எத்தனை பேர்!

லண்டன்_திருமலையான்:
கசிவு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கொண்டுவந்த அல்பீனை இலங்கையில் எங்கே போய் வாங்குவது? தம்பி கேட்டது 86. அதோடு, ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்களே மோசமான வீதிக்கு என்று வரும்போது என்ன செய்கிறார்கள் பாருங்கள். போர்ஷே 2022இல் 911 டக்கார் என்று காட்டியது, ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் போட்ட 911ஐ விட 50 மில்லிமீற்றர் உயரம். லம்போகினி ஹுரக்கான் ஸ்டெராட்டோ, 44 மில்லிமீற்றர் உயர்த்தியது. உயரமும் சில்லு ஏறி இறங்க இடமும் இல்லாமல் குழிவீதியில் வேகம் கிடையாது என்று அவர்களே ஒத்துக்கொண்டுதானே?

கன்னியா_வெந்நீர்:
அப்படியானால் அது ஸ்போர்ட்ஸ் காராகத்தானே இருக்கிறது? வேகனாக மாற்றவில்லையே. உயரத்தைக் கூட்டினார்கள், நல்லதாகிவிட்டது. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கிண்ணியா_நானா:
நீங்கள் இரண்டு பேரும் ஐரோப்பாவில் நின்று சண்டை பிடியுங்கள், நான் ஊர்க்கதைக்கு வருகிறேன்.

தம்பி, உங்கள் பாதையில் முக்கியமான எதிரி மதகு. குழியைக் கண்ணால் காணலாம், மதகை இரவில் காணமுடியாது. மதகு கொங்கிறீற், அசையாது. அதற்கு இரண்டு பக்கமும் நிரப்பிய மண் ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தாழ்ந்துகொண்டே போகும், மேலே போட்ட காபெட்டும் சேர்ந்து இறங்கும். அதனால் முதலில் ஒரு பள்ளம், உடனே ஒரு மேடு, திரும்ப ஒரு பள்ளம். மூக்கு அமுங்கும்போது வால் எழும்பும், வால் விழும்போது மூக்கு எழும்பும். ஷொக் நல்லதென்றால் ஒரே ஆட்டத்தோடு நின்றுவிடும். செத்த ஷொக் என்றால் அடுத்த மதகு வரும்வரை ஆடிக்கொண்டே போவீர்கள்.

இதில் வேகனுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பின்பக்க ஸ்பிறிங்கை எந்தப் பாரத்துக்குச் செய்வது? வெறுமையாக ஓட்டுகிறவனுக்கா, ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றுகிறவனுக்கா? பாரத்துக்குச் செய்தால் வெறுமையில் பின்பக்கம் துள்ளும். வெறுமைக்குச் செய்தால் பாரத்தில் வால் தொங்கி, மதகில் பம்ப் ஸ்டொப்பில் போய் டமார் என்று இடிக்கும். பென்ஸ் ஈ வகுப்பு வேகன்களில் பின்னுக்குத் தானாக உயரத்தைச் சரிசெய்கிற ஏற்பாடு வைத்தது இதற்குத்தான், அது பழுதானால் செலவு தலைக்கு மேலே. பேஜோ 504 வேகனில் வேறு மாதிரி யோசித்தார்கள், பின் அச்சுக்கு இரண்டுக்குப் பதிலாக நான்கு ஸ்பிறிங். ஆபிரிக்காவில் வாடகை வாகனமாக உழைத்த உழைப்பு அந்த ஸ்பிறிங்கால் வந்தது.

நமது ஊரில் வேகன் வெறுமையாக ஓடுமா? ஓடாது. வேகன் வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் உறவு முழுவதற்கும் அது லொறிதான். துறையடியில் வாகனம் ஏற்றுகிற படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்த காலத்தில் ஒரு சாக்கு இருந்தது, "கிண்ணியாவுக்கு வரவே அரைநாள் போய்விடும்" என்று சொல்லித் தப்பலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அதுவும் போய்விட்டது. ஆகவே லெவோர்க் எடுத்தால், அரிசி மூட்டையோடு அது எப்படி ஓடும் என்றுதான் பார்க்கவேண்டும்.

இரவில் மாடும் கணக்கில் இருக்கட்டும். வீதியிலேயே படுத்திருக்கும், கறுப்பு எருமை என்றால் கண் மட்டும்தான் மின்னும், அதுவும் உங்கள் பக்கம் திரும்பினால். தாழ்ந்த இருக்கையில் இருந்தால் முன்னால் போகிற ஓட்டோவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஹபரணை கந்தளாய்ப் பக்கம் யானை வேறு. இதில் காரும் வேகனும் ஒன்றுதான், மெதுவாகப் போகவேண்டும், அவ்வளவுதான்.

மட்டிக்களி_அக்கா:
நானா சொன்ன மதகு விசயம் நூற்றுக்கு நூறு. நான் ஓட்டுவது பழைய இம்பிரேசா வேகன், டேர்போ. வெருகல் கோயிலுக்கு ஏ15ஆல் போகும்போது பின்னால் மூன்று பேர் இருந்தால் வாகனம் இன்னும் நன்றாக ஓடும், தனியே போனால் பின்பக்கம் கொஞ்சம் உதறும். வேகனைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். என் தம்பியிடம் ஹொண்டா சிஆர்-இசட், தாழ்ந்த சின்னக் கார், இருக்கிறது, அதில் நான் பயணியாகப் போகமாட்டேன், சண்டைதான் வரும்.

இளையவன், எனக்கு ஒரு கேள்வி. அம்மாவைச் சம்பூருக்குக் கூட்டிப்போவது நீங்கள்தானே? 86இன் பின் இருக்கையில் மனிதர் இருக்க முடியாது, கைப்பை இருக்கலாம். முன் இருக்கையில் என்றாலும் அவ்வளவு தாழ்வாக இறங்கி ஏற முழங்கால் ஒத்துழைக்குமா? வீதியை மட்டும் பார்த்து வாகனம் வாங்க முடியாது.

அப்புறம் ரயர் காற்று. வாங்கிய உடனே கதவோரத்து ஸ்டிக்கரைப் பார்த்து அதன்படி அடியுங்கள். இங்கே ரயர் கடைகளில் கேட்காமலே 40 பிஎஸ்ஐ அடித்துவிடுவார்கள், பிறகு "சுபாரு இறுக்கம்" என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள்.

தோப்பூர்_டிஎக்ஸ்:
அக்கா, அந்த 40 கதை என் வாகனத்திலும் நடந்தது. டிஎக்ஸ்கூடத் துள்ளியது என்றால் பாருங்கள்.

உப்புவெளி_இளையவன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், கராஜ் பாஸும் கூட வந்தார். பாலையூற்றுப் பக்கத்தால் எடுத்துத் தம்பலகாமம் வயல்வீதி போய்த் திரும்பினோம்.

லெவோர்க்: அலை வீதியில் அருமை, ஒரே இழுவை, ஸ்டியரிங் சும்மா கையில் கிடந்தது. ஆனால் கூர்மையான விளிம்புள்ள குழி வந்தால் 18 அங்குலச் சில்லு டக் டக் என்று அடித்தது, அடி தரை வழியாகக் காலுக்கு வந்தது. பாஸ் குனிந்து பார்த்துவிட்டு முன் இடது றிம்மின் உள்விளிம்பில் ஒரு வளைவைக் காட்டினார். வெளியில் இருந்து பார்த்தால் தெரியவே இல்லை.

86: முதல் மதகிலேயே இடித்தது, இரண்டாவதில் பல்லைக் கடித்துக்கொண்டேன். கூட்டாளிமார் சொன்னது சரி என்றே நினைத்தேன். பாஸ் சில்லு வளைவுக்குள் கையை விட்டுத் தடவிவிட்டு "இது கம்பனி ஸ்பிறிங் இல்லை" என்றார். யாரோ அழகுக்காகத் தாழ்த்தியிருக்கிறார்கள். விற்கிறவர் அதைப்பற்றி மூச்சே விடவில்லை. கழற்றிய பழைய ஸ்பிறிங் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறதாம்.

கன்னியா_வெந்நீர்:
நீங்கள் ஓட்டிப் பார்த்தது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை, யாரோ ஒருவரின் ரசனையை ஓட்டியிருக்கிறீர்கள். ஊரில் "முதுகு போகும்" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இப்படித் தாழ்த்திய வாகனத்தில் ஏறியவர்கள்தான். அந்த ஸ்பிறிங்கையும் கேட்டு வாங்குங்கள், காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கராஜ்_பாஸ்:
நான் கூடப் போனவன் என்பதால் சொல்லிவிடுகிறேன். தாழ்த்தும்போது என்ன போகிறது என்றால், சில்லு மேலே ஏற இருந்த இடம் போகிறது. ஒரு அங்குலம் தாழ்த்தினால் அந்த ஒரு அங்குலத்தையும் வீதிக்குக் கடன் கொடுத்த மாதிரி, பம்ப் ஸ்டொப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அதனால் குறைந்த இடத்துக்குள் அடியை நிறுத்த ஸ்பிறிங்கையும் இறுக்குகிறார்கள், ஷொக் பழையதே, அதற்கு அந்த ஸ்பிறிங்கைப் பிடிக்கத் தெரியாது. மூன்றும் சேர்ந்துதான் உங்கள் பல்லைக் கடிக்க வைத்தது.

கம்பனி ஸ்பிறிங்கைப் போட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி சில்லு. ஜப்பானில் 86இன் ஜி வகை 205/55 ஆர்16 ரயரோடுதான் வந்தது. கணக்குப் பாருங்கள், 113 மில்லிமீற்றர். லெவோர்க்கின் 18ஐ விட ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் கூட, சில்லும் பாரம் குறைவு. அப்படிச் செய்தால் உங்கள் உள்வீதியில் 86தான் நன்றாக ஓடும் என்று நான் சொல்வேன். லெவோர்க்குக்கும் 17 அங்குலம், 215/50 போடலாம், 1.6 ஜிடி அப்படித்தான் வந்தது, அதுவும் திருந்தும். ஆனால் பாரம் பாரம்தான், புஷ் மாற்றுகிற செலவு வேகனில் சீக்கிரம் வரும்.

லண்டன்_திருமலையான்:
ஷொக் புதிது, சில்லு 17, அப்படி ஒரு லெவோர்க்கையும் இதே வீதியில் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்கவேண்டாம் என்பேன். ஒன்றைத் திருத்திய பிறகும் மற்றதைத் திருத்தாமலும் ஒப்பிடுவது நியாயமில்லை. அலை வீதியில் அது அருமை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், புல்மோட்டைக்குப் போய்வருகிற அன்றாட ஓட்டத்துக்கு அதுதானே?

கிண்ணியா_நானா:
லண்டன்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் தம்பியின் மனசு எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. அம்மாவிடம் கேட்டாயிற்றா?

உப்புவெளி_இளையவன்:
கேட்டேன் நானா. நேற்று 86இல் ஏற்றிக் கடற்கரை வரை கொண்டுபோனேன். ஏறுவது பிரச்சினையில்லையாம், இறங்கத்தான் கை கொடுக்கவேண்டுமாம். அரிசி மூட்டைக்குப் பின் இருக்கையை மடிக்கலாம் என்று காட்டினேன், சரி என்றார். றிம் வளைந்த வேகனில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 16 அங்குலச் சில்லுக்குத்தான் இப்போது தேடுகிறேன், ஐந்து நட், நட் வட்டம் 100 மில்லிமீற்றர். வாங்க முதல் போட்டுப் பார்க்க வழி உண்டா?

மட்டிக்களி_அக்கா:
என் வேகனில் இருப்பது அதே ஐந்து, 100தான், 205/55 ஆர்16, நடுத்துளையும் 56தான். ஞாயிறு காலையில் பாஸின் கராஜுக்குக் கொண்டுவருகிறேன், கழற்றி உங்கள் 86இல் போட்டுத் தம்பலகாமம் போய்வாருங்கள். அதுவரை உங்கள் 17ஐ நான் போட்டுக்கொள்ளமாட்டேன், ஜாக்கியில் நிற்கட்டும்.

கராஜ்_பாஸ்:
வாருங்கள். ஒப்செட், அதாவது சில்லு எவ்வளவு உள்ளுக்கு உட்காரும் என்ற அளவு, நான்கைந்து மில்லிமீற்றர் வித்தியாசம் வரும், சில்லு கொஞ்சம் உள்ளுக்குள் நிற்கும், முதலில் கையால் சுற்றிப் பிரேக் கலிப்பரில் முட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறக்குவேன். ஸ்பிறிங்கையும் அன்றைக்கே கொண்டுவாருங்கள், இரண்டு வேலையையும் ஒன்றாக முடிக்கலாம். ஏழு மணிக்குப் பிந்தினால் பிறகு இரண்டு ஓட்டோ என்ஜின் கிடக்கிறது, தொடமாட்டேன்.